மேல் வீட்டுச் சத்தம்

ஆஸ்பத்திரி விரிப்பு நடுவில் கிழியும். ஓட்டல் விரிப்பு ஓரத்தில் கிழியும். ஆஸ்பத்திரியில் படுத்தவர் ஒரே இடத்தில் கிடந்து புரளுவார். ஓட்டலில் விரிப்பை இழுத்து இழுத்து மெத்தைக்கடியில் செருகுவார்கள். எங்கே கிழிந்தாலும் கடைசியில் எல்லாம் சலவை ஆலையின் தையல் அறைக்குத்தான் வந்து சேரும். அங்கே ஜன்னலோரத்து மெஷினில் உட்கார்ந்து ஒட்டுப் போடுகிறவளை ஆலையில் எல்லோரும் தையலக்கா என்றார்கள். அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

அந்த வருஷம் மழை பிடித்தது பிடித்ததுதான். விடிந்தால் மழை, சாய்ந்தால் மழை. வெளியே ஈரம், உள்ளே ஆவி. துவைக்கும் கூடத்திலிருந்து வருகிற சோடா நெடியும் சூடான துணியின் வாசனையும் உடம்பிலேயே ஊறிப்போயிருந்தன. வேலை முடிந்து ஆலைக்குப் பின்னாலிருந்த குடியிருப்புக்கு நடந்து போகிறபோது, நனைகிறோமா காய்கிறோமா என்று தெரியாமலே படியேறுவாள்.

குடியிருப்பில் அவர்கள் வீடு இரண்டாம் மாடி. ஒரே மகள் கல்யாணமாகித் தூர ஊருக்குப் போய்விட்டாள். வீட்டில் அவளும் அவள் புருஷனும்தான். அவரை உருளைக்காரர் என்பார்கள். உருளையில் வேலை பார்த்தவர், இப்போது பார்ப்பதில்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

உருளை என்பது ஆள் நீளத்துக்கு இருக்கிற சூடான இரும்பு. பிழிந்து வந்த விரிப்பின் இரண்டு முனையையும் இரண்டு பேர் பிடித்து அதன் வாயில் கொடுக்க வேண்டும். அது இழுத்துக்கொண்டு, மறுபக்கம் காய்ந்து சுருக்கமில்லாமல் தள்ளும். வாய்க்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. விரல் அதில் பட்டால் உருளை நின்றுவிடும். ஆனால் துணி பட்டாலும் நின்றுவிடும். நின்று நின்று ஓடினால் வேலை எப்படி முடியும்? மேஸ்திரி அந்தக் கம்பியைத் தூக்கி ஒரு செப்புக் கம்பியால் இறுக்கக் கட்டிவைத்தார். எல்லோரும் பார்த்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வேலை சீக்கிரம் முடிந்தால் எல்லோருக்கும் நல்லதுதானே.

ஒரு நாள் உருளை துணியோடு சேர்த்து அவருடைய வலது கையையும் இழுத்துக்கொண்டது.

விசாரணைக்கு ஆட்கள் வந்தபோது செப்புக் கம்பி இல்லை. தடுப்பு அதன் இடத்தில் சரியாக இருந்தது. “கவனமில்லாமக் கையை விட்டுட்டான். நான் எத்தனை தடவை சொல்லியிருக்கேன்” என்றார் மேஸ்திரி. உருளைக்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்தபடி, கம்பி கட்டியிருந்தது, கட்டியிருந்தது என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். மறுபக்கம் விரிப்பு மடிக்கிறவர்களைக் கேட்டார்கள். எதிர்ப்பக்கம் நின்றவனைக் கேட்டார்கள். நாங்க கவனிக்கலை என்றார்கள். அவர்களில் பாதிப் பேர் ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூடத்தில் அவரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பாடினவர்கள்.

கை போகவில்லை. போயிருந்தால்கூடத் தேவலை என்று அவரே சொல்லுவார். உள்ளங்கை சுருங்கி, விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, தீயில் வாட்டின இலை மாதிரி மணிக்கட்டில் தொங்கியது. ஆலை வாசலில் கேட் திறக்கிற வேலை கொடுத்தார்கள். போகிற வருகிறவர்களெல்லாம் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்த்தார்கள். கொஞ்ச நாளில் விட்டுவிட்டு வீட்டோடு இருந்துகொண்டார். ஜெபக்கூடத்துக்குப் போவதையும் நிறுத்தினார்.

சும்மா இருக்கிற ஜாதியில்லை அவர். ஒரு பலகையில் ஆணி அடித்து, அதில் கிழங்கைக் குத்தி நிறுத்தி, இடது கையால் தோல் சீவக் கற்றுக்கொண்டார். வெங்காயத்தை முழங்கையால் அழுத்திக்கொண்டு நறுக்கினார். அவள் ஆலையிலிருந்து வரும்போது அடுப்பில் சூப் கொதித்துக்கொண்டிருக்கும். கிழங்கு, பருப்பு, கீரை, கிடைத்தால் எலும்பு. வைத்துவிட்டு, முகம் சரியாகத் தெரியாத அந்தி வெளிச்சத்தில், குடியிருப்பைச் சுற்றி நடக்கப் போவார். அந்த நேரத்தில்தான் அவள் ஒரு கிண்ணத்தில் சூப்பை ஊற்றி, மூடி, முந்தானையில் மறைத்துக்கொண்டு மேல் மாடிக்கு ஏறுவாள்.

மேல் வீட்டில் இருந்தது மேஸ்திரி.

அவருக்கு வேலை ஓய்ந்துபோயிற்று. மனைவி செத்துப்போனாள். மகன் எங்கேயோ கப்பலில். ஒரு காலும் இழுத்துக்கொண்டது. ஒரு நாள் படிக்கட்டுக் குழாயில் அவர் தண்ணீர் பிடிப்பதைப் பார்த்தாள். ஜாடி நிறையும், தூக்குவார், பாதி காலில் கொட்டும். மறுபடி பிடிப்பார். ஜாடியைத் திட்டினார், குழாயைத் திட்டினார், அவளைப் பார்த்ததும் “என்ன வேடிக்கை?” என்று அவளையும் திட்டினார். அவள் ஜாடியை வாங்கிக்கொண்டுபோய் வீட்டில் வைத்தாள். அன்றைக்குச் சாயந்திரமே முதல் கிண்ணம் மேலே போயிற்று. ஏன் போனது என்று கேட்டால் கர்த்தருக்காக என்று சொல்லியிருப்பாள். பொய்யுமில்லை. முழு உண்மையுமில்லை.

“உப்பு கம்மி” என்பார் மேஸ்திரி, முதல் வாய் வைத்ததுமே.

“நாளைக்குச் சரியாப் போடச் சொல்றேன்.”

வாய் தவறிவிட்டது. கிழவர் கரண்டியை நிறுத்திவிட்டு ஓரக்கண்ணால் பார்த்தார்.

“போடச் சொல்றியா? அப்போ இது உன் சமையல் இல்ல. அவன் சமையல்.”

அவள் கிண்ணத்தின் மூடியை எடுத்துத் துடைத்தாள்.

“தெரியும்மா. உருளைக்காரன் எதையும் பாத்துச் செய்ய மாட்டான். உப்பையும் அப்படித்தான் கண்ணை மூடிட்டுப் போடுறான். கையையும் அப்படித்தான் விட்டான்.”

“கம்பி கட்டியிருந்ததுன்னு அவர் சொல்றார்.”

“அவன் சொல்லுவான்.” மறுபடி குடித்தார். நடுங்குகிற கரண்டியிலிருந்து மோவாயில் வழிந்தது. அவள் துடைத்துவிட்டாள். அதற்கும் ஒரு நன்றி கிடையாது. கிண்ணத்தைச் சுரண்டிச் சுரண்டிக் காலி பண்ணிவிட்டு, “நல்லாருக்குன்னு அவன்கிட்டச் சொல்லிடாதே. திமிர் ஏறிடும்” என்றார்.

அவர் நகம் வெட்டிவிட்டாள். படுக்கை மாற்றினாள். ஈரமான துணிகளை ஆலைக்கு எடுத்துப்போய் மற்றத் துணியோடு துணியாகப் போட்டு அலசிக் கொண்டுவந்தாள். ஒவ்வொரு நாளும் படியேறும்போது, இன்றைக்கு அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிடுவார் என்று நினைப்பாள். கட்டினது நான்தாம்மா. அவ்வளவு போதும். அதைக் கிண்ணத்தில் ஏந்திக்கொண்டு கீழே இறங்கிவந்து புருஷன் முன்னால் வைத்துவிடலாம். ஒவ்வொரு நாளும் காலிக் கிண்ணத்தோடுதான் இறங்கினாள்.

போதகர் ஒரு நாள் மேஸ்திரியைப் பார்க்கப் போனவர் கிண்ணத்தைப் பார்த்துவிட்டார். கிழவர் உண்மையை மறைக்கத் தெரிந்தவர். ஆனால் சாப்பாட்டு விஷயத்தை மறைக்கவில்லை. அந்த ஞாயிறு பிரசங்கத்தின் நடுவில் போதகர் நிறுத்தி, “நம்ம நடுவுல ஒரு சகோதரி இருக்காங்க. தன் குடும்பத்துக்குத் தீங்கு வந்ததுக்குக் காரணம்னு அவங்க நெனக்கிற ஒருத்தருக்குத் தினமும் சாப்பாடு கொண்டுபோய்க் குடுக்கிறாங்க. எதையும் எதிர்பாக்காத அன்புன்னா இதுதான்” என்றார். பெயர் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நெஞ்சுக்குள் ஏதோ இனிப்பாகக் கரைந்து இறங்கியது. எதையும் எதிர்பாக்காத என்ற இடத்தில் மட்டும் அந்த இனிப்பு கசந்தது.

வெளியே வந்ததும் நாத்தனார் பிடித்துக்கொண்டாள். ரொட்டிக்கடையில் நிற்கிறவள், நாக்கு கத்தியைவிடக் கூர்மை.

“அண்ணி, பாம்புக்குப் பால் வாக்குறது உங்க இஷ்டம். ஆனா கடிபட்டவன் வீட்டுப் பாலை எடுத்தா வாக்குறது?”

“மெதுவாப் பேசும்மா.”

“நான் மெதுவாத்தான் பேசுறேன். போதகர்தான் மைக்குல பேசிட்டார். அண்ணனுக்குத் தெரியுமா?”

அவள் முந்தானையை இழுத்துச் சரிசெய்தாள். நாத்தனாருக்கு அதுவே பதிலாகப் போயிற்று.

மறுநாள் வேலை முடிந்து வந்தபோது அடுப்பு அணைந்திருந்தது. சட்டி கழுவிக் கவிழ்த்திருந்தது. உருளைக்காரர் நடக்கப் போகாமல் மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தார்.

“சமைக்கலையா?”

“யாருக்கு?”

அவள் ஈரத் துணியை உதறி ஆணியில் மாட்டினாள். ஏதாவது செய்துகொண்டிருக்க வேண்டும்போல் இருந்தது.

“ரெண்டு பேருக்கு அளவா வைப்பேன். சட்டி வழிச்சாப்புல காலியாயிருக்கும். நான் ஒரு மடையன். ஆலையில பாடுபட்டு வர்றா, நல்லாப் பசிக்குது, நம்ம சமையலும் பிடிச்சுப்போச்சு போலன்னு சந்தோஷப்பட்டுக்கிட்டிருந்தேன்.” அவர் சத்தம் போடவில்லை. “கிழங்கைக் கொஞ்சம் கூட்டிப் போடுவேன், உனக்குப் பத்தணுமேன்னு.”

“அவருக்கு யாருமில்லைங்க.”

“எனக்கு யாரு இருக்கா?”

“நான் இல்லையா?”

“இருக்கியா?”

சுருண்ட கையைத் தூக்கி மேஜை மேல் வைத்தார். செத்த பறவையைக் கொண்டுவந்து வைத்தது மாதிரி இருந்தது.

“அவன் எச்சிக் கிண்ணத்தைக் கழுவுற. அவன் மூத்திரத் துணியை அலசுற. ஊரே கும்பிடுது. இதை ஒரு நாள் கழுவினியா? கழுவ வேண்டாம், தொட்டியா? நல்லா யோசிச்சுச் சொல்லு. கட்டுப் பிரிச்ச அன்னைக்குப் பாத்தே. வெளிய போய் வாந்தியெடுத்தே. எனக்குச் சத்தம் கேட்டுச்சு. அதுக்கப்புறம் நான்தானே படுக்கையில இடம் மாத்திப் படுத்தேன், இது உன் மேல பட்டுடக் கூடாதேன்னு.”

இடம் மாறினது அவளுக்குத் தெரியும். காரணம் கேட்டதில்லை. கேட்காமல் இருந்ததில் ஒரு நிம்மதி இருந்தது.

பேச்சை எப்படியாவது திருப்ப வேண்டும் என்று, சொல்லக் கூடாததைச் சொன்னாள். “உங்க சமையல்னு அவருக்குத் தெரியும். நல்லாருக்குன்னுதான் சொன்னார்.”

அவர் முகம் வெளுத்தது. “தெரிஞ்சா குடிச்சான்?” என்றார். எழுந்து போய் ஜன்னலைப் பார்த்து நின்றுகொண்டார்.

அப்புறம் அவர் சமைக்கவில்லை. அவள் ரொட்டி வாங்கினாள், முட்டை அவித்தாள். மேலேயும் ரொட்டிதான் போயிற்று, ஒளித்து வைக்காமல் கையிலேயே. “காஞ்சுபோயிருக்கு” என்றார் மேஸ்திரி. “சூப் எங்க?” ரொட்டியைத் தண்ணீரில் நனைத்து ஊட்டினாள். யாருக்காகப் போகிறோம் என்று இப்போது அவளுக்கே தெரியவில்லை. கீழே இருக்கிற மௌனத்துக்கு, மேலே கேட்கிற வசவு எவ்வளவோ தேவலையாக இருந்தது. அது தெரிந்தபோது தன் மேலேயே வெறுப்பு வந்தது.

இப்படியே போய்க்கொண்டிருந்த ஒரு நாள், ரொட்டியோடு மேலே ஏறியவள் கதவைத் தள்ளினால் ஒரு சாணுக்கு மேல் திறக்கவில்லை. ஏதோ தடுத்தது. இடுக்கில் தலையை விட்டுப் பார்த்தாள். மேஸ்திரி கதவுக்குப் பின்னால் குப்புறக் கிடந்தார். வாய் ஒரு பக்கம் கோணி எச்சில் காய்ந்திருந்தது. ஒரு கை கதவை நோக்கி நீண்டிருந்தது. உடம்பெல்லாம் நனைந்து, தொட்டால் ஜில்லென்று இருந்தது. கண் மட்டும் திறந்திருந்தது; அவளைப் பார்த்தது.

கத்தினாள். அக்கம்பக்கம் ஓடி வந்தது. தூக்கினார்கள், வண்டி வந்தது, ஆஸ்பத்திரிக்குக் கூடவே போனாள். “எப்ப விழுந்தார்?” என்று டாக்டரம்மா கேட்டாள். “சீக்கிரம் கொண்டுவந்திருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம்.” யாருக்கும் தெரியவில்லை. பகலில் குடியிருப்பில் யார் இருக்கிறார்கள்? எல்லோரும் ஆலையில்.

வீடு திரும்பினபோது உருளைக்காரர் அதே மேஜை முன்னால் இருந்தார்.

“எப்ப விழுந்தார்னே யாருக்கும் தெரியலைங்க. டாக்டரம்மா கேட்டப்போ—”

“மத்தியானம்.”

“என்னது?”

“சாப்பாட்டுச் சங்கு ஊதுச்சு. ஊதி முடிஞ்சதும் விழுந்தான்.”

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். மேல் வீட்டில் ஒரு நாற்காலியை நகர்த்தினால்கூடக் கீழே கேட்கும். ஆள் விழுந்தால் விட்டத்திலிருந்து சுண்ணாம்பு உதிரும். மேஜையின் மேல் அது உதிர்ந்து கிடந்தது. அவர் அதைத் துடைக்கக்கூட இல்லை.

“கேட்டுட்டுமா உக்காந்திருந்தீங்க?”

“ஆமா.”

“சாயந்திரம் வரைக்கும்?”

“ஆமா.” நிமிர்ந்து பார்த்தார். திட்டுவாள் என்று காத்திருந்தார் போல. அவள் திட்டவில்லை. உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

மேஸ்திரி அதற்கப்புறம் பேசவில்லை. ஆஸ்பத்திரி விரிப்பில், நடுவில் கிழிகிற அந்த விரிப்பில், சில நாள் கிடந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அவள் எதிர்பார்த்த அந்த வார்த்தையும் அவரோடேயே போயிற்று. அடக்கத்துக்குக் கப்பலிலிருந்து மகன் வரவில்லை. மழையில் குழிக்குள் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. மண் போடுகிறவர்கள் அவசரப்பட்டார்கள். “கடைசி வரைக்கும் பெத்த பிள்ளை மாதிரிப் பாத்துக்கிட்ட சகோதரிக்குக் கர்த்தர் பலன் குடுப்பார்” என்றார் போதகர். பெண்கள் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒவ்வொரு கையும் பிடிக்கப் பிடிக்க அவளுக்குக் கூசியது.

வீட்டில் இரண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழே தனித்தனியாக இருந்தார்கள். அவள் ரொட்டியை வைப்பாள், அவர் எடுத்துக்கொள்வார். தையல் அறையில் மெஷினை மிதித்துக்கொண்டே யோசிப்பாள். மேஸ்திரி செய்தது கெடுதல்தான். ஆனால் அந்த ஆளோடு அவளுக்கு என்ன? ஒரு கிண்ணத்துத் தூரம். கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிடலாம். இது அப்படியா? இவர் பக்கத்தில்தான் படுக்க வேண்டும். இவர் துணியைத்தான் துவைக்க வேண்டும். இவர் மூச்சு விடுகிற சத்தத்தைக் கேட்டபடியேதான் தூங்க வேண்டும். மேலே ஒரு மனுஷன் செத்துக்கொண்டிருந்தபோது, கீழே இருந்து இதே மூச்சு இழுத்து இழுத்து விட்டுக்கொண்டுதானே இருந்தது. மகளிடம் போய்விடலாமா என்றுகூட நினைத்தாள்.

ஜெபக்கூடத்தில் போதகரைத் தனியாகப் பார்த்தாள். “ஐயா, ஒருத்தரை மன்னிக்கவே முடியலைன்னா, அவரோட ஒரே வீட்டுல எப்படி இருக்கிறது?”

போதகர் நல்லவர். பாவம், அவருக்கு என்ன தெரியும்? “அதான் நீங்க ஜெயிச்சுட்டீங்களே அம்மா. அவரைக் கடைசி வரைக்கும் பாத்துக்கிட்டீங்க. இனிமே மனசுல வச்சுக்காதீங்க” என்றார்.

“சரிங்கய்யா” என்று வந்துவிட்டாள்.

மேல் வீட்டைக் காலி பண்ணித் தரச்சொல்லி ஆலையில் சொன்னார்கள். அடுத்த குடும்பம் காத்திருந்தது. ஒருத்தரும் முன்வரவில்லை. லீவு நாளில் அவளே வாளி, துடைப்பம், சோடாத்தூளோடு ஏறிப்போனாள். சாமான் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. துணியை மூட்டை கட்டினாள். மெத்தையைச் சுருட்டிக் கட்டினாள். தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது வாசலில் நிழல் விழுந்தது. உருளைக்காரர் நின்றார். உள்ளே வரவில்லை.

“எங்க கெடந்தான்?”

அவள் துடைப்பத்தால் காட்டினாள். கதவுக்குப் பின்னால், அவர் நின்ற இடத்துக்கு ஓரடி உள்ளே.

அவர் உள்ளே வந்து, அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்தார். சோடாத் தண்ணீர் வேட்டியில் ஏறியது.

“விழுந்த சத்தம் கேட்டுதுன்னு சொன்னேன்ல,” என்றார். “சத்தம் மட்டும் இல்ல. கூப்பிட்டான்.”

“யாரை?”

“என்னைத்தான். உருளை, உருளைன்னு. வாய் கொழறி, லை லைன்னுதான் வந்துச்சு. ஆனா என்னைத்தான் கூப்பிடுறான்னு தெரிஞ்சுபோச்சு. எனக்குக் கேக்கும்னு அவனுக்குத் தெரியும். வேற யாரு இருக்கா அந்நேரத்துல?” சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினார். “எந்திரிச்சேன். கதவு வரைக்கும் போனேன். அப்புறம், உருளை என் கையை இழுத்தப்போ நானும் இப்படித்தானே மேஸ்திரி மேஸ்திரின்னு கத்துனேன், அவன் ஓடி வந்து நிறுத்தலையே, முதல்ல கம்பியை அவுத்துட்டுத்தானே நிறுத்தினான்னு தோணுச்சு. திரும்பி வந்து உக்காந்துட்டேன். ரொம்ப நேரம் கூப்பிட்டான். அப்புறம் நின்னுடுச்சு. அது நின்னப்போ எனக்கு... நிம்மதியா இருந்துச்சு.”

அவள் கையிலிருந்த துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். சாய்ந்து நிற்காமல் விழுந்தது. எடுக்கவில்லை.

கதவை நோக்கி நீண்டிருந்த அந்தக் கை நினைவுக்கு வந்தது. எழுந்து வெளியே ஓடிவிடலாம். கட்டுப் பிரித்த அன்றைக்கு ஓடினது மாதிரியே ஓடிவிடலாம். அவள் மனசுக்குள் தேடிப்பார்த்தாள். அன்பு என்று சொல்லும்படியாக ஒன்றும் அகப்படவில்லை. இரக்கம்கூட இல்லை. இயேசப்பா, என்கிட்ட ஒண்ணுமே இல்ல என்று மட்டும் வாய்க்குள் முனகினாள்.

பிறகு முழங்கால் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தாள். சோடாத் தண்ணீரில் கிடந்த அந்தச் சுருண்ட கையை எடுத்தாள். அவர் சட்டென்று பின்னால் இழுத்தார். “சோடா அரிக்கும், விடுங்க” என்று பிடித்துக்கொண்டாள். வாளியிலிருந்த நல்ல தண்ணீரில் அதை நனைத்து, ஒட்டியிருந்த விரல்களுக்கு நடுவே தன் விரலைக் கொடுத்துத் தேய்த்தாள். தோல் கெட்டியாக, வழுவழுவென்று, சூடாக இருந்தது. சூடாக இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை. அவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். அவளுக்கு அழுகை வரவில்லை. கழுவினாள்.

“எல்லாரும் உன்னைக் கும்பிடுறாங்க,” என்றார். “எனக்கு அங்க வந்து சொல்லணும்.”

“எங்க?”

“ஜெபக்கூடத்துல. எல்லார் முன்னாலயும்.”

சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். கும்பிடுகிற கையெல்லாம் அப்புறம் எங்கே போகும் என்றும் தெரியும்.

“சொல்லுங்க. நான் பக்கத்துல நிக்கிறேன்,” என்றாள். “இப்ப எந்திரிங்க. மெத்தையைக் கீழ கொண்டுபோகணும். அந்தப் பக்கம் பிடிங்க.”

ஞாயிற்றுக்கிழமை அவர் வந்ததைப் பார்த்துக் கூடமே சந்தோஷப்பட்டது. போதகர் இறங்கிவந்து தோளைத் தட்டினார். நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சாட்சி சொல்கிற நேரம் வந்ததும், தையலக்கா எழுந்தாள். அவள்தான் பேசப்போகிறாள் என்று எல்லோரும் திரும்பினார்கள். அவளுக்குப் பக்கத்தில் உருளைக்காரர் எழுந்தார்.

“மேஸ்திரி விழுந்த அன்னைக்கு நான் கீழ் வீட்டுலதான் இருந்தேன்” என்றார். “விழுந்த சத்தம் கேட்டுது. அப்புறம் என்னைக் கூப்பிட்டார். ரொம்ப நேரம் கூப்பிட்டார். நான் போகலை. போக முடியாம இல்ல. எனக்குக் கைதான் போச்சு, கால் இருந்துது.”

கூப்பிட்டார் என்று மரியாதையோடு சொன்னார். அவர் வாயிலிருந்து மேஸ்திரிக்கு அந்த ‘ர்’ வந்தது அன்றைக்குத்தான்.

தகரக் கூரையில் மழை விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. முன் பெஞ்சில், அந்தக் காலத்தில் நாங்க கவனிக்கலை என்று சொன்ன மடிப்புக்காரி ஒருத்தி, தலையைத் தொங்கப்போட்டு மடியிலிருந்த கைக்குட்டையை நாலாய் மடித்தாள், எட்டாய் மடித்தாள், மறுபடி பிரித்தாள். உருளைக்காரர் உட்கார்ந்தார். தையலக்காவும் உட்கார்ந்தாள். “பாடலாம்” என்றார் போதகர் கடைசியில். பாட்டு தடுமாறித் தடுமாறி எழுந்தது.

முடிந்ததும் யாரும் கிட்டே வரவில்லை. நாத்தனார் வேறு வாசல் வழியாகப் போய்விட்டாள். “இதுக்கா வாயைத் திறந்தார்? கமுக்கமா இருந்திருக்கலாம்” என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. “அதான் அந்தம்மா அப்படி ஓடி ஓடிப் பாத்துக்கிட்டா, குத்தம் உறுத்தியிருக்கு” என்று இன்னொருத்தர். அவள் காலணியைத் தேடி எடுத்தாள். அவருடையதையும் தேடி எடுத்து, காலடியில் திருப்பி வைத்தாள்.

அடுத்த ஞாயிறு அவர்கள் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. “இடம் தாராளமா இருக்கு, காலை நீட்டிக்கூட உக்காரலாம்” என்று அவர் மெல்லச் சொன்னார். அவளுக்குச் சிரிப்பு வந்தது, வாயைப் பொத்திக்கொண்டாள். போதகர் மட்டும் ஒரு நாள் வீட்டுக்கு வந்து, வெகு நேரம் உட்கார்ந்திருந்து, உருளைக்காரர் வைத்த சூப்பைக் குடித்துவிட்டுப் போனார். மற்றபடி ஆலையிலும் குடியிருப்பிலும் பேச்சு குறைந்தது குறைந்ததுதான். சில ராத்திரிகளில் அவர் திடுக்கிட்டு எழுந்து விட்டத்தைப் பார்ப்பார். மேல் வீட்டுக்குப் புதுக் குடும்பம் வந்துவிட்டது. குழந்தை ஓடுகிற சத்தம்தான் அது. “தூங்குங்க” என்பாள். சில நாள் மனசார. சில நாள் அந்த மத்தியானத்தை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு. இரண்டு நாளும் வார்த்தை ஒன்றுதான்.

மழைக்காலம் முடிவதாக இல்லை. ஒரு ஞாயிறு கூட்டம் கலைந்து எல்லோரும் போன பிறகு, இருவரும் ஒரே குடையில் நடந்தார்கள். குடை அவர் இடது கையில் இருந்தது.

“அடுத்த வாரமும் வரணுமா?” என்றார்.

“வரணும்.”

“நீ மட்டும் வேணும்னா போ. நான் வராட்டி உன் பக்கத்துல வந்து உக்காருவாங்க. உன் மேல என்ன தப்பு?”

அவள் அவர் பக்கம் நெருங்கி நடந்தாள்.

“குடையை நேராப் பிடிங்க,” என்றாள். “நான் நனையிறேன்.”